ஏட்டுச் சுரைக்காய்: டர்பனில் விற்கும் ரெடிமேட் சேஃப்டி ஃபைல், ஒரு மதிப்பீடு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்திலோ பீனிக்ஸிலோ எட்டுப் பத்து ஆட்களை வைத்துப் பூச்சு வேலை, கூரை வேலை, டைல்ஸ் என்று எடுத்துச் செய்யும் ஒருவருக்குப் பெரிய கம்பெனியிடமிருந்து சப்-கான்ட்ராக்ட் கிடைத்ததும் வரும் முதல் கேள்வி, "சேஃப்டி ஃபைல் எங்கே?" என்பதுதான். சைட் பாதுகாப்புக்கான ஆவணங்களைத் தொகுத்து வைக்கும் கோப்பு அது. மேஸ்திரி தயார், சாரம் தயார், பேக்கியில் (சிறு சரக்கு வண்டியில்) சாமான் ஏற்றியாகிவிட்டது. ஆனால் ஃபைல் இல்லாமல் சைட் கேட் திறக்காது. இந்த அவசரத்தை நம்பித்தான், ஒரே நாளில் ஃபைல் செய்து தருகிறோம் என்று ஒரு வியாபாரம் நடக்கிறது.

சரக்கு மூன்று வடிவத்தில் வருகிறது. முதலாவது, இமெயிலில் வந்து சேரும் டெம்ப்ளேட். கம்பெனிப் பெயரை மாற்றி பிரின்ட் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். இரண்டாவது, ஆலோசகர் ஒருவர் உங்கள் பெயரில் தயாரித்து, தாவல் தாவலாகப் பிரித்து ரிங் பைண்டரில் கொடுப்பது. மூன்றாவது, ஃபைலோடு மாதக் கட்டணமும் வாங்கிக்கொண்டு சைட்டுக்கு நேரில் வந்து தணிக்கை செய்து தருவது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: முதலாவது காசுக்குக் கேடு. இரண்டாவது பாதி வேலை, மீதிப் பாதியை நீங்கள் செய்தால் பிழைக்கும். மூன்றாவது நல்லது, வருகிறவர் வேலையை நிறுத்தச் சொல்லும் தைரியமுள்ளவராக இருந்தால்.

விற்பவர்கள் சொல்லாமல் விடும் சங்கதி ஒன்று உண்டு. ஃபைல் வாங்கினால் பொறுப்பு கைமாறுவதில்லை. 1993இன் தொழிலிடப் பாதுகாப்பு, நலச் சட்டம் (எண் 85) 8ஆம் பிரிவில் கடமையை முதலாளியின் தலையிலேயே வைத்திருக்கிறது. 16ஆம் பிரிவின்படி கம்பெனியின் தலைமைப் பொறுப்பில் இருப்பவர் தன் வேலையை வேறொருவருக்கு எழுதிக் கொடுக்கலாம், ஆனால் எழுதிக் கொடுத்ததால் தானே விடுபட்டுவிட மாட்டார். ஆலோசகரின் முத்திரை விழுந்த பைண்டர், விபத்துக்குப் பிறகு தொழிலாளர் துறை இன்ஸ்பெக்டர் கையில் ஒரு சாட்சி. எந்தப் பக்கத்துச் சாட்சி என்பது, அதில் எழுதியிருப்பதும் சைட்டில் நடந்ததும் ஒத்துப்போகிறதா என்பதைப் பொறுத்தது.

பைண்டரைப் பிரித்தால்

முதல் தாவலில் குட் ஸ்டாண்டிங் கடிதம் இருக்கும், இருக்க வேண்டும். தொழிலாளர் இழப்பீட்டு நிதிக்கு, அல்லது கட்டடத் தொழிலுக்கென்றே உரிமம் பெற்று 1936 முதல் இயங்கிவரும் ஃபெடரேட்டட் எம்ப்ளாயர்ஸ் மியூச்சுவல் (ஃபெம் என்றால்தான் சைட்டில் தெரியும்) நிறுவனத்துக்கு, நீங்கள் கட்ட வேண்டியதைக் கட்டியிருக்கிறீர்கள் என்பதற்கான சான்று அது. இதை ஆலோசகர் தயாரிக்க முடியாது. உங்கள் சம்பளக் கணக்கைக் காட்டி நீங்களே பெற வேண்டும். "கடிதமும் சேர்த்துத் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். போலிக் கடிதங்கள் சுற்றுகின்றன. சான்றிதழ் எண்ணை வைத்து இணையத்தில் சரிபார்க்க இரண்டு நிமிடம் போதும். காலாவதித் தேதியையும் பாருங்கள். வேலையின் நடுவில் முடிந்துபோகும் கடிதத்தை ஃபைலில் அப்படியே விட்டுவைப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

இந்த ஒரு காகிதத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? பாதுகாப்புச் சட்டத்திலிருந்து வேறான, தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 89ஆம் பிரிவுதான் காரணம். நீங்கள் வேலை கொடுத்த சப்-கான்ட்ராக்டர் பதிவு செய்யாமலும் பணம் கட்டாமலும் இருந்தால், அவருடைய ஆட்கள் சட்டத்தின் கண்ணில் உங்கள் ஆட்கள். அவர்களுக்கான கட்டணமும் உங்கள் தலையில் விழும். பக்கத்துத் தெரு டைல்ஸ்காரரை இரண்டு நாளைக்கு மட்டும் கூப்பிட்டாலும் இதுதான் கதி. கேட்டில் கடிதம் கேட்பவர் பிடிவாதக்காரர் என்று அலுத்துக்கொள்கிறோம். அவர் காப்பாற்றுவது தன் கம்பெனியின் பணப்பையை.

அடுத்த தாவல், வேலை தொடங்கப்போவதாக மாகாணத் தொழிலாளர் அலுவலகத்துக்குக் கொடுக்கும் அறிவிப்பு. 2014 பிப்ரவரியில் வந்த கட்டுமான விதிமுறைகளின்படி, பள்ளம் தோண்டுவது, விழுந்துவிடக்கூடிய உயரத்தில் வேலை, இடிப்பு, வெடிவைப்பு, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் வேலைக்குக் குறைந்தது 7 நாள் முன்பு கொடுக்க வேண்டும். ஒரே நாளில் ஃபைல் தருகிறவரால் இந்த 7 நாளை எப்படித் தர முடியும்? கேட்டுப் பாருங்கள். பழைய தேதியைப் போட்டுக் கொடுப்பார்கள். அலுவலகத்தின் பெறுதல் முத்திரை இல்லாத அறிவிப்பு வெறும் பிரின்ட் எடுத்த தாள்.

37(2) ஒப்பந்தம் என்று ஒரு பக்கம் வரும். எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள், யாரும் படிப்பதில்லை. பாதுகாப்புச் சட்டத்தின் 37ஆம் பிரிவு சொல்வது இது: நீங்கள் வேலை ஒப்படைத்தவர் செய்யும் தவறு உங்கள் தவறாகவே கொள்ளப்படும், பாதுகாப்புக்கு என்னென்ன ஏற்பாடு, என்னென்ன நடைமுறை என்று இருவரும் எழுத்தில் ஒத்துக்கொண்டிருந்தால் தவிர. டெம்ப்ளேட்டில் "எல்லாச் சட்டங்களையும் கடைப்பிடிப்பேன்" என்று ஒரே வரி இருக்கும். அதில் ஏற்பாடும் இல்லை, நடைமுறையும் இல்லை. சாரத்தை யார் கட்டுவது, யார் பார்வையிட்டு டேக் போடுவது, மழைக்குப் பிறகு யார் மறுபடி பார்ப்பது, நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்று அரைப் பக்கமாவது எழுதியிருக்க வேண்டும். அப்படி எழுதிக் கொடுக்கும் ஆலோசகர் கிடைத்தால் விடாதீர்கள்.

நியமனக் கடிதங்களில்தான் வேடிக்கை. கட்டுமான மேலாளர், மேற்பார்வையாளர், சாரம் பார்வையிடுபவர், பள்ள வேலை மேற்பார்வை, விழல் தடுப்புத் திட்டம் (உயரத்திலிருந்து ஆள் விழாமல் தடுக்கும் திட்டம்) தயாரிப்பவர், பொருள் அடுக்கல், முதலுதவி. பத்துக் கடிதம் இருந்தால் பத்திலும் ஒரே பெயர், பெரும்பாலும் முதலாளியின் மைத்துனர். ஒருவர் பல பொறுப்பு வகிப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் கட்டுமான மேலாளராக நியமிக்கப்பட்டவர் ஒரே சைட்டைத்தான் பார்க்கலாம். அவர் பெயர் அதே வாரம் டோங்காட் ஃபைலிலும் அம்லாங்கா ஃபைலிலும் இருந்தால் இரண்டு ஃபைலும் பொய்யாகிவிடும். தகுதி என்று விதி கேட்பது அந்த வேலைக்கான அறிவு, பயிற்சி, அனுபவம். பின்னால் இணைத்த சான்றிதழ்கள் அதைக் காட்ட வேண்டும்.

டெம்ப்ளேட்களில் இரண்டு பக்கங்களைக் கண்டால் கிழித்துப் போடலாம். ஒன்று, "எனக்கு நேரும் விபத்துக்கு நானே பொறுப்பு, இழப்பீடு கேட்கமாட்டேன்" என்று தொழிலாளியிடம் கையெழுத்து வாங்கும் தாள். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் எந்த உடன்பாடும் சட்டப்படி செல்லாது. அந்தத் தாளால் ஒரே பயன்தான்: கம்பெனியின் மனப்போக்கை நீதிமன்றத்துக்குக் காட்டிக்கொடுக்கும். மற்றொன்று, தலைக்கவசம், பூட்ஸ், பெல்ட் கொடுத்த பதிவேட்டின் அடியில் "இவற்றின் விலை தவணையில் சம்பளத்தில் பிடிக்கப்படும்" என்ற வரி. சட்டம் கொடுக்கச் சொல்லும் பாதுகாப்புப் பொருளுக்குச் சம்பளத்தில் கைவைக்கக் கூடாது என்று பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது.

உயரத்துக்கு ஒரு கணக்கு

விழல் தடுப்புத் திட்டம் என்ற தாவலைத்தான் ஆற அமர உட்கார்ந்து படிக்க வேண்டும். ஃபைலின் தரம் இங்கேதான் தெரிந்துவிடும்.

முதல் சோதனை: "2 மீட்டருக்கு மேல் வேலை செய்தால் மட்டும்" என்று தொடங்குகிறதா? அப்படியானால் அது வேறு நாட்டுச் சட்டத்தைப் பார்த்து எழுதியது. தென்னாப்பிரிக்க விதியில் விழும் அபாயத்துக்கு உயர வரம்பே இல்லை. மேலிருந்து விழுவது, விளிம்பிலிருந்து விழுவது, பள்ளத்துக்குள் விழுவது எல்லாமே கணக்கில் சேரும். ஒன்றரை மீட்டர் ட்ரெஸ்டில் (கால் தாங்கி மேடை) மேல் நின்று பூசுகிறவரும் இதில் அடக்கம்.

இரண்டாவது சோதனை, ஹார்னஸ், அதாவது உடலில் மாட்டும் பாதுகாப்புப் பட்டை. எல்லாத் திட்டத்திலும் "முழு உடல் ஹார்னஸ், அதிர்ச்சி உறிஞ்சியுடன் 2 மீட்டர் லேன்யார்ட்" என்று இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். லேன்யார்டின் (ஹார்னஸைக் கட்டுமிடத்தோடு இணைக்கும் கயிற்றின்) நீளம் 2 மீட்டர். விழும்போது உறிஞ்சி கிழிந்து நீள்வது அதிகபட்சம் 1.75 மீட்டர். முதுகுக் கொக்கியிலிருந்து பாதம் வரை 1.5 மீட்டர். தரைக்கும் பாதத்துக்கும் நடுவே விடவேண்டிய இடைவெளி 1 மீட்டர். ஆக, கொக்கி மாட்டிய இடத்துக்குக் கீழே 6.25 மீட்டர் காலியாக இருக்க வேண்டும். மாடி வீட்டின் கூரை ஓரம் 5 மீட்டர் உயரம், கொக்கி மாட்டியிருப்பது காலடியில் உள்ள மரச்சட்டத்தில். ஆள் விழுந்தால் கயிறு இழுத்துப் பிடிக்கும் முன்பே தரை வந்துவிடும். எல்லாம் விதிப்படி இருக்கும், ஆள் இருக்கமாட்டார். அந்த உயரத்துக்கு வேண்டியது விளிம்புவரை போகவே விடாத குறுங்கயிறு, அல்லது கூரை ஓரத்தில் கைப்பிடியோடு சாரம். கொக்கியைத் தலைக்கு மேல் மாட்ட வழி இருந்தால் கணக்கு மாறும். இதை எழுத ஆலோசகர் உங்கள் கூரையை ஒருமுறையாவது நிமிர்ந்து பார்த்திருக்க வேண்டும்.

மூன்றாவது, மீட்புத் திட்டம். விதி அதைத் தனியாகக் கேட்கிறது. "தீயணைப்புத் துறையை அழைக்கவும்" என்று ஒரு தொலைபேசி எண்ணோடு முடித்துவிடுவார்கள். ஹார்னஸில் அசையாமல் தொங்குபவருக்குத் தொடைப் பட்டைகள் இறுகி, கால்களில் ரத்தம் தேங்கி, சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். நெரிசல் நேரத்தில் வண்டி வந்து சேரும்வரை காத்திருக்க முடியாது. ஏணி எங்கே இருக்கிறது, கயிறு எங்கே, யார் ஏறுவது, யார் கீழே பிடிப்பது என்று பெயரோடு எழுத வேண்டும், ஒருமுறை செய்தும் பார்க்க வேண்டும்.

சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பக்கம் பழைய நகராட்சி வீடுகளின் கூரையில் வேலை என்றால் இன்னும் ஒன்று. கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தகடு. அது கனம் தாங்காமல் உடைந்து ஆள் உள்ளே விழும் அபாயம் ஒரு பக்கம், உடைந்தால் வரும் தூசி மறுபக்கம். கல்நாருக்கு 2020இல் தனி விதிமுறை வந்துவிட்டது. பெரிய அளவில் கழற்றும் வேலையைப் பதிவு பெற்ற கல்நார் கான்ட்ராக்டர்தான் செய்ய வேண்டும். "கூரை மாற்றும் வேலை" என்று தலைப்பிட்டுவிட்டுக் கல்நார் என்ற சொல்லே வராத அபாய மதிப்பீடு இந்த ஊர் வீடுகளுக்காக எழுதப்பட்டதல்ல.

இந்த மண் வேறு

அபாய மதிப்பீட்டில் சிங்க்ஹோல் (திடீரென நிலம் உள்வாங்கும் குழி), டோலமைட் (அதற்குக் காரணமான பாறை) என்று படித்தால் அந்தத் தாள் கௌட்டெங் மாகாணத்திலிருந்து இறங்கியது என்று தெரிந்துகொள்ளலாம். டர்பன் மேட்டுப் பகுதியின் சங்கதி பெரியா சிவப்பு மணல். காய்ந்திருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் சுவர் போல நிற்கும். "பார், எவ்வளவு உறுதி" என்று மேஸ்திரியே ஏமாந்துபோவார். மழைத் தண்ணீர் உள்ளே இறங்கியதும் மணலைப் பிடித்துவைத்திருக்கும் களி இளகி, முன்னறிவிப்பே இல்லாமல் சரியும். ஒரு கன மீட்டர் மண் ஏறத்தாழ ஒன்றரை டன்னுக்கு மேல் கனக்கும். மார்பளவு புதைந்தாலே மூச்சு விட முடியாது.

அதனால் பள்ள வேலைக்கு ஃபைலில் தேட வேண்டியவை: முட்டுக் கொடுப்பதா, சரிவாக வெட்டுவதா என்ற முடிவு. தினமும் ஷிப்டுக்கு முன்பும், ஒவ்வொரு மழைக்குப் பிறகும் பார்வையிட்டுக் கையெழுத்திடும் பதிவேடு. உள்ளே வேலை செய்பவரிலிருந்து 6 மீட்டருக்குள் ஏணி. சுற்றிலும் குறைந்தது 1 மீட்டர் உயரத் தடுப்பு. தோண்டிய மண்ணைப் பள்ளத்தின் விளிம்பிலேயே குவிக்காமலிருப்பது. டெம்ப்ளேட்டில் பதிவேடு காலியாக வரும், அது சரிதான். மாதக் கடைசியில் ஒரே பேனாவால் முப்பது நாளுக்கும் "நன்று" என்று நிரப்புவதுதான் கோளாறு. அந்த முப்பதில் ஒரு நாள் கொட்டும் மழை, ஒரு நாள் ஞாயிறு. வழக்கறிஞருக்கு இதைக் காட்டிக்கொடுக்க வானிலை ஆய்வு நிலையப் பதிவு ஒன்று போதும்.

மருத்துவத் தகுதிச் சான்று பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கட்டுமான விதிமுறைகளின் மூன்றாம் இணைப்புப் படிவத்தில், ஆள் ஆளாக, செய்யும் வேலையைக் குறிப்பிட்டு, தொழில்சார் மருத்துவப் பணியாளரின் கையெழுத்தோடு இருக்க வேண்டும். குடும்ப டாக்டரின் "நலமாக உள்ளார்" சீட்டு செல்லாது. இன்டக்‌ஷன் (சைட்டுக்கு வரும் ஆளுக்குத் தரும் பாதுகாப்பு அறிமுகப் பயிற்சி) தாளில் மட்டும் ஒன்று: உங்கள் ஆட்களில் பாதிப் பேர் ஜூலு பேசுகிறவர்கள் என்றால், ஆங்கிலத்தில் பன்னிரண்டு பக்கம் அச்சடித்துக் கையெழுத்து வாங்கியது பயிற்சி ஆகாது. ஜூலுவில் சொல்லி, சொன்னவர் பெயரையும் எந்த மொழியில் சொன்னார் என்பதையும் எழுதிவைத்தால் அந்த ஒரு தாளுக்கு மதிப்பு வரும்.

விபத்து நடந்த அன்று

விற்பனைக்கு வரும் ஃபைல்களில் மிக மெலிந்த தாவல் இதுதான், உண்மையில் தேவைப்படும் தாவலும் இதுதான்.

ஆளை மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் பொறுப்பு முதலாளியுடையது. உயிர் போயிருந்தாலோ, போகும் நிலையில் இருந்தாலோ, உறுப்பு இழந்திருந்தாலோ இன்ஸ்பெக்டர் அனுமதி இல்லாமல் அந்த இடத்தைக் கலைக்கக் கூடாது. காயம்பட்டவரைத் தூக்குவதற்கும் மேலும் ஆபத்தைத் தடுப்பதற்கும் மட்டும் விலக்கு. சாரத்தை அவசரமாகப் பிரித்து, கழுவிவிட்டு, அப்புறம் போன் போடுவது தனிக் குற்றம். 14 நாளாவது வேலைக்கு வர முடியாத காயம் என்றாலும் தொழிலாளர் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். விசாரணையைக் கம்பெனியே 7 நாளுக்குள் தொடங்கிப் பதிவு செய்ய வேண்டும்.

அதன்பின் இழப்பீட்டுப் படிவங்கள். முதலாளி கொடுப்பது டபிள்யூ.சி.எல். 2, விபத்து தெரிந்த 7 நாளுக்குள். டாக்டரின் முதல் அறிக்கை 4, தொடரும் அறிக்கை 5, வேலைக்குத் திரும்பியதும் முதலாளி கொடுப்பது 6. அடையாள அட்டை நகல், சம்பளச் சீட்டு இரண்டையும் முதல் நாளே சேர்த்து வைக்காததால்தான் பெரும்பாலான கோரிக்கைகள் இழுபடுகின்றன. ரொக்கமாகச் சம்பளம் கொடுத்து, சீட்டே இல்லாமல் வைத்திருக்கும் கான்ட்ராக்டர்களுக்கு இது தலைவலி. அவர்களிடம் வேலை செய்பவருக்கோ அந்த இழப்பீடுதான் சோறு.

எவ்வளவு கிடைக்கும்? மாதம் 8,000 ராண்ட் வாங்குகிறவரை வைத்துப் பார்ப்போம். வேலைக்கு வர முடியாத காலத்துக்குச் சம்பளத்தில் 75 விழுக்காடு, அதாவது மாதம் 6,000. 3 நாளோ அதற்குக் குறைவாகவோ என்றால் இந்தத் தொகை இல்லை. முதல் மூன்று மாதத்தை முதலாளிதான் கையிலிருந்து கொடுத்து, பிறகு திரும்பப் பெற வேண்டும். இதை எந்த ஆலோசகரும் சின்ன கான்ட்ராக்டரிடம் முன்கூட்டிச் சொல்வதில்லை. விபத்து நடந்த மாதம் பணத்துக்கு அல்லாடும்போதுதான் தெரியவரும்.

நிரந்தர ஊனத்துக்கு வேறு கணக்கு. 30 விழுக்காடு ஊனம் என்றால், உதாரணமாக ஒரு கண் பார்வை முழுவதும் போனால், 15 மாதச் சம்பளம் மொத்தமாக: 1,20,000 ராண்ட். 10 விழுக்காடு என்றால் அதில் மூன்றில் ஒன்று, 40,000. 30ஐத் தாண்டினால் மாத ஓய்வூதியம். முழு ஊனத்துக்கு மாதம் 6,000, பாதி ஊனத்துக்கு 3,000. இறந்துவிட்டால் மனைவிக்கு அந்த முழு ஓய்வூதியத்தில் 40 விழுக்காடு, அதாவது மாதம் 2,400, அதோடு இரண்டு மாத ஓய்வூதியம் மொத்தமாக. 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் 20 விழுக்காடு, 1,200. எல்லாம் சேர்ந்தும் 6,000ஐத் தாண்டாது. இந்தத் தொகைகளுக்குக் கீழ்வரம்பும் மேல்வரம்பும் உண்டு.

இதில் வலிக்கும் வேதனைக்கும் ஒரு காசும் இல்லை. அதற்காக வழக்குப் போடலாமா என்றால், தன் முதலாளி மீது போட முடியாது. இழப்பீட்டுச் சட்டத்தின் 35ஆம் பிரிவு அந்த வழியை அடைத்துவிட்டது. அரசியலமைப்பு நீதிமன்றமும் அந்தப் பிரிவை ஏற்றுக்கொண்டுவிட்டது. "அப்படியானால் நமக்குக் கவலையில்லை" என்று கான்ட்ராக்டர்கள் மூச்சு விடுவது இந்த இடத்தில்தான். அவசரப்பட வேண்டாம்.

முதலாளியின் கவனக்குறைவால் நடந்தது என்று நிரூபித்தால் 56ஆம் பிரிவின் கீழ்க் கூடுதல் இழப்பீடு கேட்கலாம். விபத்திலிருந்து 24 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பழுது என்று தெரிந்தும் சரிசெய்யாமல் விட்ட இயந்திரமும் சாரமும் இதில் அடங்கும். மேலே சொன்ன பதிவேடுகள்தான் அப்போது மேசைக்கு வரும். தணிக்கையில் "மூன்றாம் தளச் சாரத்தில் கைப்பிடி இல்லை" என்று ஆலோசகர் எழுதி, நீங்கள் கையெழுத்திட்டு, இரண்டு வாரம் ஒன்றும் செய்யாமல் இருந்தால், தெரிந்தும் விட்டீர்கள் என்பதற்கு வேறு சாட்சியே தேவையில்லை.

35ஆம் பிரிவின் கேடயம் காப்பது தன் சொந்த முதலாளியை மட்டும். காயம்பட்டவர் சப்-கான்ட்ராக்டரின் ஆள் என்றால், அவர் தன் இழப்பீட்டையும் வாங்கிக்கொண்டு, மெயின் கான்ட்ராக்டர் மீது நட்டஈடு வழக்கும் போடலாம். அந்த வழியைத் திறந்து வைத்திருப்பது 36ஆம் பிரிவு. கூலித் தரகர் அனுப்பிய ஆளுக்கும் வேலை வாங்கியவர் மீது வழக்குப் போட உரிமை உண்டு என்று புளூம்ஃபொன்டைனில் உள்ள உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குப் போடப் பொதுவாக 3 ஆண்டு அவகாசம். அந்த வழக்கில் வலி, வேதனை, வருங்கால வருமானம் எல்லாம் கணக்கில் வரும். அதனால் மெயின் கான்ட்ராக்டர் தன் பொதுப் பொறுப்புக் காப்பீட்டில் சப்-கான்ட்ராக்டர் ஆட்களை விலக்கும் வரி இருக்கிறதா என்று பார்ப்பது, பைண்டரில் தாவல் ஒட்டுவதைவிட முக்கியம்.

குற்ற வழக்கு தனி. பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவில் சாதாரண மீறலுக்கு 50,000 ராண்ட் அபராதம் அல்லது ஓராண்டுச் சிறை, அல்லது இரண்டும். உயிர் போயிருந்தால் அஜாக்கிரதைக் கொலை ஆகியிருக்கும் அளவுக்குக் கவனமின்மையால் ஒருவரைக் காயப்படுத்தினால் 1,00,000 ராண்ட் அல்லது இரண்டாண்டு, அல்லது இரண்டும். ஆள் பிழைத்துக்கொண்டாலும் இது பொருந்தும்.

2013 நவம்பர் 19 அன்று டோங்காட்டில் கட்டிக்கொண்டிருந்த வணிக வளாகம் சரிந்து 2 பேர் இறந்தார்கள், 29 பேர் காயமடைந்தார்கள். நிறுத்தச் சொல்லி நகராட்சி நீதிமன்ற ஆணை வாங்கியிருந்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. 2024 மே 6 அன்று ஜார்ஜ் நகரில் ஐந்து மாடிக் கட்டடம் விழுந்து 34 பேர் இறந்தார்கள். அங்கே பாதுகாப்பு ஆலோசகர் கவலை தெரிவித்து விலகிய பிறகும் கட்டடம் உயர்ந்துகொண்டே போனது என்று பின்னர் வந்த விசாரணையில் வெளியானது. மூன்றாவது வகைச் சேவையைப் பரிந்துரைக்கும்போது, நிறுத்தச் சொல்லும் தைரியம் ஆலோசகருக்கு வேண்டும் என்று ஆரம்பத்தில் எழுதியது இதனால்தான். சொன்னால் நிறுத்தும் முதலாளியும் வேண்டும்.

கோயில் கமிட்டிகளுக்கு

இந்தச் சேவையை வாங்க நினைக்காத, ஆனால் வாங்க வேண்டிய ஒரு கூட்டம் நம்மிடையே உண்டு. கும்பாபிஷேகத்துக்கு முன்னால் கோபுரத்தைச் சீரமைக்க ஆள் வைக்கும் கோயில் கமிட்டி, விதியின் பார்வையில் "கிளையன்ட்". யாருக்காக வேலை நடக்கிறதோ அவர்தான் கிளையன்ட், அது தர்ம ஸ்தாபனமானாலும் சரி. அடிப்படை அபாய மதிப்பீடு, பாதுகாப்புக் குறிப்பேடு (கான்ட்ராக்டர் கடைப்பிடிக்க வேண்டியவற்றைச் சொல்லும் ஆவணம்), கான்ட்ராக்டரின் குட் ஸ்டாண்டிங் கடிதத்தைச் சரிபார்ப்பது, பாதுகாப்புச் செலவுக்கு விலைப்புள்ளியில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பது, 30 நாளைக்கு ஒரு முறையாவது தணிக்கை: எல்லாம் கமிட்டியின் கடமை. தரைத்தளம் மட்டும் உள்ள வீட்டைத் தான் குடியிருக்கவே கட்டிக்கொள்பவருக்குத்தான் இந்தக் கிளையன்ட் கடமைகளிலிருந்து விலக்கு. இரண்டு தள வீடு கட்டுகிறவருக்கு இல்லை, கோபுரத்துக்கும் இல்லை.

தமிழ்நாட்டிலிருந்து வரும் ஸ்தபதிகள், சுதைச் சிற்பிகள் விஷயம் இன்னும் சிக்கல். அவர்களுடைய முதலாளியின் தொழில் முக்கியமாக அங்கே நடக்கிறது, இவர்கள் தற்காலிகமாக இங்கே வந்திருக்கிறார்கள் என்றால், முன்கூட்டியே இழப்பீட்டுத் துறையோடு உடன்பாடு செய்து கட்டணம் கட்டியிருந்தால் ஒழிய இந்நாட்டு இழப்பீடு கிடைக்காது. தொடர்ந்து 12 மாதத்துக்கு மேல் இங்கே வேலை செய்தால்தான் நிலைமை மாறும். கோபுர வேலைக்கு வருகிறவர்களின் விசாவையும் சாப்பாட்டையும் தங்குமிடத்தையும் அக்கறையோடு கவனிக்கும் கமிட்டிகள், இதற்கு ஒரு கடிதம் எழுத மறந்துவிடுகின்றன. மூங்கில் சாரத்தில் வெறுங்காலோடு ஏறிப் பழகியவருக்கு இந்த ஊர் சைட் நடைமுறையைத் தமிழில் எடுத்துச் சொல்ல ஒருவரை அமர்த்துவதும் கமிட்டி செய்யக்கூடிய காரியம். நம் ஊரில் தமிழ் சரளமாகப் பேசுகிறவர் குறைவு, ஆனால் இல்லாமல் போகவில்லை.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

ஆலோசகரிடம் முதலில் கட்டுமானப் பாதுகாப்பு அலுவலருக்கான பதிவு எண்ணைக் கேளுங்கள். சாக்ப்சிஎம்பி என்று வாயில் நுழையாத பெயருள்ள, கட்டுமான மேலாண்மைத் தொழில்களுக்கான கவுன்சிலில் அது இருக்க வேண்டும். சைட்டில் பாதுகாப்பு அலுவலராக நியமிக்கப்படுபவருக்குப் பதிவு கட்டாயம். அடுத்து, கிளையன்டின் பாதுகாப்புக் குறிப்பேட்டைக் காட்டுங்கள். அதைப் பார்க்காமலேயே விலை சொல்கிறவர் டெம்ப்ளேட்காரர். ஏனென்றால் உங்கள் பாதுகாப்புத் திட்டம் அந்தக் குறிப்பேட்டுக்கு எழுதும் பதில். கேள்வியைப் படிக்காமல் விடை எழுத முடியாது.

மாதக் கட்டணம் என்றால், எத்தனை முறை வருவார், எத்தனை மணி நேரம் இருப்பார், அறிக்கை எத்தனை நாளில் கைக்கு வரும், கண்ட குறை சரியானதா என்று திரும்பிப் பார்ப்பது கட்டணத்தில் சேருமா என்று எழுதி வாங்குங்கள். விபத்து நடந்தால் அன்றே வருவாரா, விசாரணை அறிக்கை தயாரிக்கத் தனிக் கட்டணமா என்பதையும் கேளுங்கள். பெரும்பாலும் தனிக் கட்டணம்தான், அது நியாயமும்கூட. கட்டடத் தொழிலாளர் விடுமுறை முடிந்து ஜனவரியில் சைட் திறக்கும்போது ஃபைலைப் புதுப்பித்துத் தருவாரா என்றும் பாருங்கள். டிசம்பரில் போனவர்களில் சிலர் திரும்புவதில்லை, புது ஆட்கள் வருவார்கள், இன்டக்‌ஷன் தாளில் பழைய பெயர்களே இருக்கும்.

டெம்ப்ளேட்டை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் தூக்கிப் போட வேண்டாம். காலிப் படிவங்கள், பதிவேட்டுத் தாள்கள், தாவல் வரிசை இவை மூன்றும் உருப்படியானவை. அபாய மதிப்பீட்டையும் விழல் தடுப்புத் திட்டத்தையும் மட்டும் உருவி எடுத்துவிட்டு, மேஸ்திரியையும் இரண்டு மூத்த ஆட்களையும் உட்கார வைத்து, அந்த சைட்டில் நின்றபடியே, தகுதியுள்ள ஒருவர் துணையோடு புதிதாக எழுதுங்கள். அரை நாள் வேலை. முதலில் பார்க்க வேண்டியது கூரை ஓரத்தின் உயரம். டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள்.